மஞ்சக்காவின் சும்மா செய்திகள்

மத்தூரில் ஒரு திருமண மண்டபத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. தாலி கட்டும் நேரம் என்பதால் எடுக்கவில்லை. அட்சதை விழுந்து முடிந்த பிறகு பார்த்தேன். நவீனிடமிருந்து குறுஞ்செய்தி: "அண்ணா, மஞ்சக்கா காலைல போயிட்டாங்க." ஆறு மாதமாக உடம்பு சரியில்லாமல் பெங்களூருக்கும் ஓசூருக்குமாக அலைந்துகொண்டிருந்தார் என்பது தெரியும். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். மணமக்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை இறக்க முடியாமல் நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

மஞ்சுளா என்ற அவருடைய பெயரைச் சொன்னால் ஓசூரில் பலருக்குத் தெரியாது. "சும்மா செய்திகள்" என்றால் தெரியும். நம் ஊர் கேபிள் சேனலில் ஞாயிறுதோறும் மாலை பதினைந்து நிமிடம் வந்த குழந்தைகள் நிகழ்ச்சி. அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, மேசைக்கு மேலே கழுத்து மட்டும் தெரிய, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தி வாசிப்பார்கள். நவீன்தான் தலைமைச் செய்தி வாசிப்பாளர். "வணக்கம். இன்று மழை பெய்யும் என்று அறிவித்ததால், மழை வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வான். எழுதியவர் மஞ்சக்கா. படம் பிடித்தவன் நான்.

அவர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். வாரம் முழுக்கப் பல்சக்கரங்களை அளந்து பார்த்துவிட்டு, ஞாயிறு காலை கேபிள் அலுவலகத்து மாடிக்கு வருவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை "அண்ணா" என்பார், நான் அவரை "அக்கா" என்பேன். இந்தக் குழப்பத்தை நாங்கள் இருவருமே கடைசிவரை தீர்த்துக்கொள்ளவில்லை.

ஒருமுறை நவீன் வாசிக்கும்போதே சிரித்துவிட்டான். நாலு முறை எடுத்தும் அதே இடத்தில் சிரிப்பு. மஞ்சக்கா அவன் பக்கத்தில் குனிந்து, "சிரிப்பு பாக்கறவங்களோடதுப்பா. அதை நீ எடுத்துக்காதே" என்றார். ஐந்தாம் முறை அவன் சிரிக்கவில்லை. ஓசூரே சிரித்தது.

மார்கழியில் ஒரு ஞாயிறு, நேரடி ஒளிபரப்பு மாதிரி ஒன்றை எடுக்க மலைக்கோயில் படிகளுக்குப் போனோம். பனி மூடி ஊரே இல்லை. திரும்பிவிடலாம் என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து தாளில் இரண்டு வரி எழுதி நவீனிடம் கொடுத்தார். வெள்ளைக்குள் அரைகுறையாகத் தெரிந்த பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "என் பின்னால் ஓசூர் நகரம் இருப்பதாக நம்பப்படுகிறது." அந்தக் காலையை நான் உண்மையில் பார்த்தேனா, கனவு கண்டேனா என்று இப்போதும் சில நேரம் சந்தேகம் வரும்.

அவர் மட்டும் கேமரா முன் வரவே மாட்டார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "கன்னடம் எனக்கு அம்மா வீடு, தமிழ் மாமியார் வீடு. சமையல் பண்ணலாம், சத்தமா பேச முடியாது அண்ணா" என்பார். அவருக்கு ழகரம் வராது; இங்கே நான்தான் திருத்தி எழுதுகிறேன். ஒருமுறை தொழிற்சாலை ஆண்டு விழா மேடையில் பேசியபோது கூட்டம் சிரித்ததாம். அதற்குப் பிறகு மேடைப் பக்கமே போனதில்லை என்று சொல்லியிருக்கிறார்.

இனி சொல்லப்போவது உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

சானமாவு காட்டை ஒட்டிய கிராமத்திலிருந்து சரசு என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். யானைப் பேட்டி எடுத்த வாரம், சாம்பல் நிறப் போர்வைக்குள் முன்பாதி யானையாக நின்றது அவள்தான். "ராகிக் கொல்லைக்குள்ள ஏன் வந்தீங்க?" என்று நவீன் கேட்பான். "நாங்க இங்கதான் இருந்தோம். கொல்லைதான் எங்களுக்குள்ள வந்துச்சு" என்று யானை சொல்லும். மக்கள் கைதட்டி ரசித்த பகுதி அது. பத்து நாள் கழித்து, ராகிக் காவலுக்குப் போன சரசுவின் அப்பாவை யானை மிதித்துக் கொன்றுவிட்டது.

சேனல் முதலாளி அந்த யானைப் பேட்டியை மறுபடி போடச் சொன்னார். "இப்பப் போட்டா ஊரே பாக்கும்மா" என்றார். மஞ்சக்கா அலமாரியைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இது இனிமே என்கூட டூட்டிக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நாங்கள் இருவரும் என் வண்டியில் அந்தக் கிராமத்துக்குப் போனோம். சரசு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் போகவில்லை, பேசவில்லை. அவள் அம்மா சொன்னார்: "இந்தப் புள்ள யானையக் கேலி பண்ணுச்சு, அதான் யானைக்குக் கோவம் வந்துருச்சுன்னு ஊர்ல சொல்றாங்கம்மா. இவ காது படவே சொல்றாங்க. நானு என்ன பண்றது?"

மஞ்சக்கா சரசுவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். "கண்ணு, நீ பேசினது ஒண்ணுமில்ல. எல்லாம் நான் எழுதினது" என்றார். சரசு திரும்பவே இல்லை. ஓசூர் திரும்பி வண்டியை விட்டு இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கறேன் அண்ணா" என்றார்.

அந்த ஞாயிறு பிள்ளைகள் யாரையும் கூப்பிடவில்லை. நவீனின் மேசைக்குப் பின்னால் மஞ்சக்கா உட்கார்ந்தார். அவர் வாசித்தது எனக்கு இன்றும் மனப்பாடம்:

"வணக்கம். இன்னிக்கு சும்மா செய்தி இல்லை. நிஜச் செய்தி ஒண்ணுதான். யானையைப் பேச வைத்தது நான். பெயர் மஞ்சுளா. சரசு என்கிற குலந்தை நான் எலுதியதைச் சொன்னாள். அவ்வளவுதான். யானைக்குக் கோபம் என்றால் என்மேல் வரட்டும். உங்களுக்குக் கோபம் என்றால் என்னிடம் வாருங்கள். அந்தக் குலந்தையிடம் யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள்."

எலுதியதை, குலந்தை. அறைக்குள் இருந்த யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன். "பேடா அண்ணா, வேணாம். இப்படியே போகட்டும்" என்றார்.

அந்தக் கிராமத்துக்குக் கேபிள் கிடையாது. சாலையோர டீக்கடையில் மட்டும் உண்டு. அங்கே நின்று பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மறுநாளே சரசுவைத் தன் வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் விட்டார் என்று பிறகு அவள் அம்மா சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, மாடிப்படியில் சரசு நின்றாள்.

"யக்கா, நானு யானையாவ மாட்டேன்."

"ஆக வேண்டாம் கண்ணு."

"நியூஸ் வாசிக்கட்டா?"

மஞ்சக்கா தாளை நீட்டினார். அதில் பனியைப் பற்றிய செய்தி இருந்தது. சரசு திக்காமல் வாசித்தாள்: "சூளகிரியில் பனி. சானமாவில் பனி. எதிரில் வருவது யாரென்று தெரியாததால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்து வணக்கம் சொல்லிக்கொண்டன." தாள் அங்கே முடிந்தது. அவள் தலையை நிமிர்த்தி, தாளில் இல்லாததைச் சொன்னாள்: "அப்பான்னு கூப்பிட்டா பனிக்குள்ள யாரோ திரும்பிப் பாக்கறாங்க. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன."

நான் கேமராவை நிறுத்த மறந்து நின்றேன். மஞ்சக்கா சுவரோரமாகத் திரும்பிக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அந்த வரியை வெட்டவில்லை. அப்படியே ஒளிபரப்பினோம்.

பிறகு சேனல் கைமாறியது, நிகழ்ச்சி நின்றது. பழைய கேசட்டுகளில் யார் யாருடைய திருமணங்களோ பதிவாகிவிட்டன. சேனலில் இன்று ஒரு ஞாயிறுகூட மிச்சமில்லை. மஞ்சக்காவை எடுத்துச் சென்ற அன்று நர்சிங் படிக்கும் சரசு சேலத்திலிருந்து வந்திருந்தாள். கூட்டத்தில் அவருடைய காலடியில் நெடுநேரம் நின்றாள்.

நான் இப்போது ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கும் படம் எடுத்துக் கொடுக்கிறேன். விபத்து நடந்த இடம், ஆலை வாசல் போராட்டம், நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் என்று எங்கெங்கோ போகிறேன். மைக்கைக் கண்டதும் மனிதர்கள் விறைத்துப்போகிறார்கள். மஞ்சக்கா எந்தப் பிள்ளையிடமும் "ஆக்‌ஷன்" என்று சொன்னதே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, "ம், சொல்லு கண்ணு, கேக்கறேன்" என்பார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். யாரை எடுத்தாலும் அதைத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு, அவரைப் போலவே நிஜமாகக் கேட்கவும் பார்க்கிறேன்.