நரிக்கு வரவேண்டிய உத்தரவு

சும்மா இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். நர்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அதனால் காட்டாக்கடைக்கு அப்பால் உள்ள வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கினேன். வாலண்டியர் என்று பேர். கூடு கழுவ வேண்டும், தீனி வெட்ட வேண்டும், மிருக டாக்டருக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். டாக்டர் என் மகள் வயசுப் பெண். மலையாளத்துப் பிள்ளை, அக்கா என்பதற்குச் சேச்சி என்பாள் என்னை.

போன மழைக்காலத்தில் ஒரு நரியைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு போட்ட விளையில் பன்னிப்படக்கத்தைக் கடித்திருக்கிறது. காட்டுப்பன்றி தின்னட்டும் என்று தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைப்பார்களே, அதுதான். பன்றி இறங்கிக் கிழங்கைக் கிளறினால் வயிறு எரியத்தான் செய்யும், என் விளையிலும் இறங்கியதுண்டு. ஆனாலும் அதை வைத்த பாவி நரி கிடந்த கூட்டுக்கு முன்னால் வந்து ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். கீழ்த்தாடை சிதைந்து தொங்கியது. நாக்கில் பாதி இல்லை. புண்ணெல்லாம் புழு. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கண்டவள் நான், இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

“பிழைக்குமா மோளே?”

“இல்ல சேச்சி. ஊசி போட்டு உறங்க வச்சிரணும். மருந்து கையில உண்டு. உத்தரவுதான் இல்ல.”

நரி, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மிருகம். மேலிடம் எழுதிக் கொடுக்காமல் கருணைக்காகக்கூடக் கொல்லக் கூடாது. மீறினால் அந்தப் பெண்ணுக்கு வேலையும் போகும், கேசும் வரும். உத்தரவு வரும்வரை சிகிச்சை கொடுத்தாக வேண்டும். அவள் டிரிப் ஏற்றினாள், நான் புழு எடுத்தேன். வலிமருந்தின் வேகம் குறைந்ததும் அது முனகத் தொடங்கும். தொண்டையில் காற்று கொப்பளிக்கிற சத்தம்தான் வரும். நாள் போய்க்கொண்டே இருந்தது, உத்தரவு வந்தபாடில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பழைய பட்டாளக்காரர், பன்றி சுடப் பஞ்சாயத்து அனுமதி வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கே போய், “துப்பாக்கியால ஒரு வெடி வச்சுத் தாங்க அண்ணா, புண்ணியமாப் போகும்” என்றேன்.

“பன்னின்னா இப்பமே வாறேன் சிஸ்டரே. இது நரியாச்சே, குறுக்கனைத் தொட்டா நான் ஜெயிலுலயாக்கும்.”

“அப்ப அது பன்னியாப் பொறந்திருக்கணும்!” என்று கத்திவிட்டு வந்தேன். அவர்தான் என்ன செய்வார், பாவம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாவுக்கே பூசாரி.

மறுநாள் காலையில் மேலிடத்திலிருந்து போன் வந்தது. டாக்டரும் நானும் கூட்டுக்கு முன்னால் நின்றோம். உத்தரவு எழுதும் முன்னால் ஒரே ஒரு கேள்வி: அது தானாக எதையாவது தின்கிறதா, குடிக்கிறதா? ஆமாம் என்றால், பிழைக்க வழி உண்டு, சிகிச்சையைத் தொடரவும் என்று எழுதிவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து நரி அசைந்தது. முன்னங்கால்களை ஊன்றி, தண்ணீர்ப் பாத்திரம் வரை உடம்பை இழுத்துக்கொண்டு போனது. முகத்தை முக்கி, இருக்கிற நாக்கால் நக்கியது. பெரும்பாலும் தாடை வழியாகவே வெளியே வழிந்தது. ஆனால் கொஞ்சம் உள்ளே போனது. தொண்டை ஏறி இறங்கியதை நான் கண்டேன். டாக்டரும் கண்டாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை.

“குடிக்கல்லன்னு சொல்லு” என்றேன்.

“சேச்சி, அது குடிக்குதே.”

“குடிக்கல்ல. சொல்லு மக்கா.”

சொன்னாள்.

மதியத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. நான் தலையைப் பிடித்துக்கொள்ள அவள் ஊசி போட்டாள். முனகல் நின்றபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

“நம்ம செஞ்சது சரிதானே சேச்சி?” என்று கேட்டு அழுதாள்.

“சரிதான்” என்றேன். யார் கேட்டாலும் இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அது தண்ணீர் குடித்தது. உயிரோடு கிடக்க வேண்டும் என்றுதானே குடித்தது.