சூடம் காட்டிய கூண்டு

ஒலக்கூர் பக்கம், ஏரியை ஒட்டி எங்கள் கொல்லை. ஏரியில் தண்ணீரை விடச் சீமைக் கருவேலம்தான் அதிகம். அந்த முள்ளுக்குள் காட்டுப்பன்றிகள் இருக்கின்றன. எங்கள் பயிர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அதில் காய் பிடிக்கும் வரை அவை எட்டிப் பார்ப்பதில்லை. காய் பிடித்துவிட்டால் ஒரு நாளும் தப்புவதில்லை.

இந்த முறை ஏரி ஓரத்துப் பாத்திகள் முதலில் போயின. காலையில் போனால் மண் புரண்டு கிடக்கும். செடி வாடிக் கிடக்கும். காய் இருக்காது, ஓடுதான் இருக்கும். பிடுங்கச் சில வாரம் இருந்தது. அப்படியே விட்டால் பிடுங்க எதுவும் மிஞ்சாது. வீட்டுக்கு எண்ணெய், அடுத்த பட்டத்துக்கு விதை, எல்லாம் அதில்தான்.

சிலர் கரண்டு கம்பி இழுக்கிறார்கள். பன்றி மிதித்தாலும் ஆள் மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான். எனக்கு அது வேண்டாம். வனத்துறை ஆபீசில் போய்க் கேட்டேன். "அடிக்காத. கூண்டுல மாட்டுனா போன் பண்ணு, வந்து எடுத்துக்கினு போறோம்" என்றார்கள். கூண்டு அவர்களிடம் இல்லை.

நானே செய்ய இறங்கினேன். வற்றிப்போன போரிலிருந்து கழற்றிய பைப்புகள் கிடந்தன, அவை கால். சேற்றில் ஓட்ட டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரம், பழைய கேஜ் வீல், அதை அறுத்துச் சுற்றிலும் வைக்கப் பட்டைகள் எடுத்தேன். கட்டில் சட்டம் கூரைக்கு. உடைந்த கேட்டில் பாதி, கதவு. அது மேலும் கீழும் ஓட இரண்டு ஆங்கிள். கதவைத் தூக்கிக் கட்டிய கயிறு கூரை மேல் போய் உள்ளே ஒரு குச்சியில் முடியும். தீனியை முகரும் பன்றி குச்சியை இடித்தால் கதவு விழும். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றித் திண்டிவனத்து வெல்டிங் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பன்னி புடிக்கவா, பங்காளியப் புடிக்கவா?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பங்காளி எனக்கு உண்டு. சித்தப்பா மகன். என் கொல்லைக்கு அடுத்தது அவன் கொல்லை. நடுவில் வரப்பு. அவன் ஒவ்வொரு முறை உழும்போதும் அந்த வரப்பு கொஞ்சம் இளைக்கும். கேட்டால் மழையில் கரைந்தது என்பான். அதிலிருந்து பேச்சு இல்லை.

கூண்டு வந்த அன்று என் மனைவி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் அறுத்து வாசலில் இரண்டு பக்கமும் வைத்தாள். சூடம் காட்டினாள். நானும் கும்பிட்டேன். டிராக்டர் வாங்கியபோதும் அப்படித்தான், மோட்டார் போட்டபோதும் அப்படித்தான். உள்ளே சோளத்தையும் புளித்த கேப்பைக் கூழையும் வைத்துக் கதவைத் தூக்கிக் கட்டினோம்.

பன்றி வரவில்லை. வரவில்லை என்றால் கூண்டுக்கு. கொல்லைக்கு வந்தது. கால்தடம் கூண்டு வரை நேராக வந்து, பத்தடி முன்னால் திரும்பிச் சுற்றிப் போயிருந்தது. கூழ் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்துப் பாத்தி காலி.

தினமும் இதே கதை. பன்றி மாட்டாததால் என் மனைவி வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் போட்டாள். பிறகு செவ்வாய்க்கிழமையும் போட்டாள்.

ஒரு நாள் காலை கூண்டருகே செருப்புத் தடம் பார்த்தேன். என்னுடையது இல்லை. வரப்புப் பக்கமிருந்து வந்து, கூண்டைச் சுற்றி, திரும்பப் போயிருந்தது. அவன்தான். ஏரியிலிருந்து வந்தால் முதலில் என் கொல்லைதான். இங்கே தீனி இருக்கிற வரை பன்றி அவன் கொல்லைக்குப் போகாது. என் கூண்டில் பன்றி மாட்டாவிட்டால் அவனுக்கு நஷ்டமில்லை, நான் நொடித்தால் வரப்பைக் கேட்க ஆளும் இல்லை. பினாயிலோ மண்ணெண்ணெயோ எதையோ தெளித்திருக்கிறான் என்று குனிந்து முகர்ந்து பார்த்தேன். சூட வாசனைதான் வந்தது. கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அவனை டீக்கடையில் பிடித்தேன்.

"என் கொல்லையில உனக்கு இன்னா வேலை?"

கிளாசைக் கீழே வைத்தான். "கூண்டு கட்டிக்கிறியேன்னு பாக்க வந்தேண்ணே."

"பாக்க வந்தியா, தெளிக்க வந்தியா?"

"நான் இன்னாத்தத் தெளிக்கப் போறேன்? மஞ்சா, குங்குமம், எலுமிச்சம்பழம், சாம்பிராணின்னு எல்லாம் நீதான் வச்சிக்கிற. பன்னி இன்னா கும்பாபிஷேகத்துக்கா வருது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பொங்கல் குடுத்தா வரும்பா" என்று ஒருவர் சொன்னார்.

"சிரிக்காதீங்க" என்றான் அவன். என் பக்கம் திரும்பினான். "அதுக்கு மூக்குதாண்ணே கண்ணு. கூண்டக் கழுவு. ஏரியில அது பொரள்ற சேறு இருக்குது பாரு, அத அள்ளிப் பூசு. கதவக் கட்டி உட்டுடு, கீழ விழக் கூடாது. உள்ள போயி துன்னுப் பழகட்டும். நீ ஒரு வாரம் அந்தப் பக்கமே போவாத."

வீடு வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கதவு விழாமல் கட்டிவிடச் சொல்கிறான். உள்ளே தீனி போடச் சொல்கிறான். என்னையும் போகாதே என்கிறான். என் கையாலேயே பன்றிக்குச் சோறு போட வைத்து, அவன் செடியை அவன் காப்பாற்றிக்கொள்வான். ஆனால் வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை. இருந்த மல்லாட்டை பாதிக்கும் கீழே போயிருந்தது.

மனைவியிடம் கூண்டைக் கழுவ வேண்டும் என்றேன்.

"சாமிக்கு வச்சதக் கழுவுவியா?"

"பன்னிக்கு வச்ச கூண்டு அது."

"யாரு சொன்னது?"

சொன்னேன். "அவன் பேச்ச கேக்குற அளவுக்கு ஆயிடுச்சா?" என்றாள். ஆனால் தண்ணீர்க் குடத்தை அவள்தான் தூக்கி வந்தாள்.

கழுவினோம். சேறு பூசினேன். கதவைக் கட்டிவிட்டு, உள்ளே வாரத்துக்கும் ஆகிற மாதிரி சோளமும் கூழும் கொட்டினேன். அந்த வாரம் கூண்டுக்குப் போகவில்லை. ஆனால் மோட்டார் கொட்டகைக் கூரையில் ஏறி, விடிந்ததும் பார்ப்பேன். பன்றியை இல்லை. அவன் வருகிறானா என்று. அவன் அவனுடைய வரப்பில் நின்று ஒன்றுக்குப் போவான், என் பக்கம் பார்ப்பான், போய்விடுவான். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை.

வாரம் முடிந்து போய்ப் பார்த்தேன். கூழும் சோளமும் துளிகூட மிச்சமில்லை. கூண்டுக்குள் மண்ணெல்லாம் குளம்புத் தடம். சுற்றி இருந்த செடியில் பன்றி அதிகம் வாய் வைக்கவில்லை. கதவின் கட்டை அவிழ்த்து, புதுக் கூழ் வைத்தேன். குச்சியைப் பொருத்தினேன்.

மறுநாள் விடியும் முன்பே சத்தம் வீடு வரை கேட்டது. ஒரு பெட்டை, அதோடு வளர்ந்த குட்டிகள். கேஜ் வீல் பட்டையை முட்டி முட்டி மூக்கெல்லாம் ரத்தம். போன் செய்தேன். வனத்துறை வண்டி வெயில் ஏறும்போது வந்து எடுத்துப் போனது. பங்காளி வரப்பில் நின்று பார்த்தான். நன்றி என்று நானும் சொல்லவில்லை, பார்த்தாயா என்று அவனும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்ததைப் பிடுங்கினோம். எண்ணெய்க்கு ஆகும். விதைக்கு ஆகுமா என்று காய்ந்த பிறகுதான் தெரியும்.

பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் வந்தான். அவன் எனக்குப் பிறகு விதைத்தவன், அவன் செடி இன்னும் நிற்கிறது.

"கூண்டக் குடுக்குறியாண்ணே?"

"தூக்கிக்கினு போ."

ஊர்ப் பையன்கள் நாலு பேரைக் கூட்டி வந்து தூக்கிப் போனான். சாயங்காலம் எங்கே வைத்திருக்கிறான் என்று போய்ப் பார்த்தேன். வரப்பை ஒட்டி, என் பக்கம் வாசல் பார்க்க வைத்திருந்தான். பன்றி என் கொல்லை வழியாகத்தான் வரும், அதற்கா, வேறு எதற்கோ என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். என் கொல்லையில் அவன் எடுக்கவும் பன்றி எடுக்கவும் ஒன்றும் இல்லை. வரப்பைக் காலால் அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.