அதே மண், வேறு நம்பர்

நாற்று முடி கட்டக் குனிந்த ஒரு காலையில் என் விரல்கள் மடங்கவில்லை. வயசுக்கோளாறு என்று எண்ணெய் தடவிக்கொண்டேன். அடுத்த மாதம் சட்டைப் பொத்தானையும் மருமகள்தான் போட்டுவிட்டாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார் (உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்). மாத்திரைக்கு அடங்கவில்லை. பயாலஜிக் ஊசி எழுதினார் (உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கும் மருந்து). பதினைந்து நாளைக்கு ஒன்று. வலி குறைந்தது. நிலமும் குறைந்தது. இருந்த மூன்று மா நிலத்தில் (சுமார் ஒரு ஏக்கர்) ஒரு மாவை ஊசிக்காக விற்றோம்.

அந்த நிலம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்பா ஒரு பண்ணையாரிடம் குத்தகைக்கு உழுதவர். குத்தகைக்காரன் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததும், பண்ணையார் வருடா வருடம் எங்களை வயல் மாற்றினார். அதே மண், அதே வாய்க்கால், சர்வே நம்பர் மட்டும் வேறு. பதிவு கேட்டால், "நீ இந்த வயலுக்கு வந்தே ஒரு வருஷம்தானடா ஆவுது" என்பார். அப்பா பதிவில்லாமலே செத்தார். ஆட்சி மாறி, விவசாயச் சங்கக்காரர்கள் கூட நின்று, வெகு காலம் கழித்து எனக்குப் பட்டா கிடைத்தது. அதில் ஒரு பங்கைத்தான் ஊசி தின்றது.

ஒரு புயலில் எட்டு நாள் கரண்ட் இல்லை. ஊசியைக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அதிராம்பட்டினத்து மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, சீக்கிரம் கரையாது என்று நினைத்து உப்பும் போட்டு, மீனைப் புதைப்பதுபோலப் புதைத்தேன்.

"உப்பு போட்டா ஐஸ் இன்னும் குளிரும், மருந்து உறைஞ்சு போச்சுங்க ஐயா. இனி இதைப் போடக் கூடாது" என்றார் டாக்டரம்மா, நான் கொண்டுபோன ஊசியைப் பார்த்துவிட்டு.

ஏன் இவ்வளவு விலை என்று அன்றுதான் கேட்டேன். செல் வளர்ப்பது நாற்றங்கால் போல, சூடு கொஞ்சம் மாறினாலும் கெடும், அதற்குச் செலவு உண்டு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அது மட்டும் காரணமில்லையாம். பேடண்ட் (வேறு யாரும் செய்யக் கூடாது என்கிற உரிமை) முடிகிற நேரத்தில் கம்பெனி ஊசிக்குழலை மாற்றும், கலவையைக் கொஞ்சம் மாற்றும், புது உரிமை கேட்கும். உள்ளே அதே மருந்து.

எனக்குப் பண்ணையார் முகம் தெரிந்தது.

என் மருந்துக்கு இங்கே இணை மருந்து (உரிமை முடிந்தபின் வேறு கம்பெனி செய்து, சோதித்து அனுமதித்தது) வந்துவிட்டதாம், விலையும் பாதிக்குக் கீழாம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். அவர் சீட்டை மாற்றி எழுதினார்.

வெளியே பழைய ஊசிக் கம்பெனியின் விற்பனை ஆள் பையோடு உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பார்த்துவிட்டார்.

"பெரியவரே, மலிவா கெடைக்குதுன்னு போட்டு, கை முடங்குனா யாரு பொறுப்பு?"

"எங்க பண்ணையாரும் இப்படித்தான் தம்பி. என் வயல விட்டுப் போனா ஒனக்கு எங்கயும் வெளையாதுன்னாரு. வெளஞ்சுது."

பண்ணையார் ஏய்த்தபோது அப்பாவுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. இப்போது செய்கிறேன். என் முறைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: இணை மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முன்பு குறுவை, தாளடி என்று நெல் போகத்தை வைத்துக் காலத்தை எண்ணினேன். இப்போது ஊசிக்கு ஊசி எண்ணுகிறேன். மற்ற விரல்கள் மடங்குகின்றன. வலது சுட்டுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றுவிட்டது. கம்பெனி ஆள் வருகிற திசையில் அதை வைத்துக்கொள்கிறேன்.