உள்ளே மடித்த மஞ்சள் முனை

என் எழுத்து கோணலாக இருக்கும். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான். நேற்றுக் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பதே மறந்துபோகிறது. முன்னே பின்னே வந்தால் கோபிக்க வேண்டாம். ஆள் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

சீனாக்காரன் சண்டை வந்த வருஷம். கல்யாணமாகி எனக்கு ஒன்றரை வருஷம். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில், மாமியாரும் நானும் மட்டும் இருந்தோம். மாமனார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தவறிவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் மாமனாருக்குப் புதுவேட்டி வைத்துப் படைப்போம். உயிரோடு இருக்கிறவர்கள் புதுத்துணிக்கு ஒரு முனையில் மஞ்சள் தடவ வேண்டும். செத்தவர் துணிக்குத் தடவக்கூடாது. படைத்த வேட்டியை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், மறுநாள் விடிந்ததும் இல்லாதவர் ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கல்மண்டபத்தில் வீடு வாசல் இல்லாத ஒருத்தர் கிடந்தார். ஏழெட்டு வருஷமாக அவருக்குத்தான் அந்த வேட்டி. நெட்டை ஆள். கை நீட்டிக் கேட்கமாட்டார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

"உன் மாமா வேட்டி, உன் மாமா உசரம். பின்னாலேருந்து பாத்தா எனக்கே பக்குங்குது" என்பார் மாமியார்.

அந்த வருஷம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பார்சல் அனுப்பினார்கள். தகர டின்னில் முறுக்கு, பொருள்விளங்காய் உருண்டை, கூட ஒரு துணி. பட்டாளத்தில் யாரும் இல்லாத வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு டின் கொடுத்தார்கள், பேர் எழுதாமல், எந்தப் பிள்ளை கைக்காவது போகட்டும் என்று. வாத்தியார் சம்சாரம்தான் முன்னால் நின்று எல்லாம் சேர்த்தார். அவருக்கு வாய் ஜாஸ்தி.

"பனிமலையில நிக்கிற ஆளுக்கு யாராவது வேட்டி அனுப்புவாங்களா? கம்பளி ஏதாவது கொடுங்களேன்."

"கம்பளி சர்க்கார் கொடுக்கும். தீபாவளிக்கு வேட்டி பெத்தவதான் கொடுப்பா" என்றார் மாமியார். "கால்சட்டைக்குள்ள சுத்திக்கட்டும், அவுத்தா பாக்கப் போறாங்க?"

தெருவே சிரித்தது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

மாமியார் ஒரே மாதிரி இரண்டு வேட்டி வாங்கியிருந்தார். மகன் வேட்டிக்கு மஞ்சள் வைத்து, இரண்டையும் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தார். பார்சல் வாங்க வந்த நேரம் அவர் குளிக்கப் போயிருந்தார். "சீக்கிரம் பொண்ணே, தபால் ஆபீசை மூடிட்டா நானா எல்லைக்கு நடந்து போறது?" என்று வாத்தியார் சம்சாரம் வாசலிலிருந்து சத்தம் போட்டார். அந்த அவசரத்தில் முனையைப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. மேலே இருந்த வேட்டியை எடுத்து, டின்னோடு துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தேன்.

பார்சல் போய்ப் பத்து நாளுக்குள் சண்டை என்று ரேடியோவில் சொன்னார்கள். கடுதாசி நின்றுபோயிற்று.

தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு இலை போட்டாயிற்று. மாமியாருக்கு அப்போதே கண்ணில் புரை. "மாமா வேட்டியை எடுத்து இலைக்கு முன்னால வைம்மா" என்றார். பெட்டியைத் திறந்து எடுத்தேன். முனையில் மஞ்சள்.

செத்தவர் வேட்டி என் புருஷனுக்குப் போய்விட்டது. புருஷன் வேட்டி படையலுக்கு வந்துவிட்டது.

"என்னம்மா அப்படியே நிக்கிற?"

"ஒண்ணுமில்லைங்க அத்தை."

மஞ்சள் முனையை உள்ளே மடித்து இலைக்கு முன்னால் வைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. மாமியார் சூடம் காட்டி, "வந்து சாப்பிட்டுப் போங்க, வந்து துணியை வாங்கிக்குங்க" என்று கூப்பிட்டார். மாமனாரைத்தான் கூப்பிட்டார். யாருடைய துணியை வைத்துக் கூப்பிடுகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கதவெல்லாம் சாத்தியிருந்தது. சூடம் அணைந்த பிறகும் இலையின் நுனி ஆடிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் வேட்டியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அவர் வாங்கிப் பிரித்தார். முனையைப் பார்த்தவர், முகத்துக்கிட்டே கொண்டுபோய் மோந்தார்.

"இதுல மஞ்சள் இருக்கு தாயி."

நான் திரும்பிப் போகப் படியில் கால் வைத்தேன்.

"இத்தனை வருசமா செத்தவரு வேட்டி கட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா? இது யாரோடது?"

மாமியாரிடம் வராத வாய் அவரிடம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், அழுதுகொண்டே.

"அப்ப நான் இதைக் கட்டக்கூடாது. அவரு வந்து வாங்கிக்கிற வரைக்கும் வெச்சிருக்கேன்" என்று, மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

அதிலிருந்து தினம் காலையில் குடத்தோடு ஆற்றுக்குப் போனால் முதலில் மண்டபத்தைத்தான் பார்ப்பேன். வேட்டி மடித்தபடி இருந்தால் என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். என் மனசு அப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. மழை நாளிலும் அந்த மனுஷர் பழைய கந்தலோடுதான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஐப்பசி கடைசி நாள். முழுக்குப் போட வந்தவர்களால் படித்துறை நிறைந்திருந்தது. எல்லாரும் ஈரத்துணியோடு நிற்க, மண்டபத்தில் ஒருத்தர் மட்டும் மொடமொடவென்று வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். இடுப்போரம் மஞ்சள் முனை தெரிந்தது. என் கையிலிருந்த குடம் படியில் உருண்டு ஆற்றோடு போய்விட்டது.

"ஏங்க கட்டினீங்க?"

"கோவிச்சுக்காதே தாயி. வெள்ளி முளைக்கிற நேரம் ஒருத்தர் வந்தாரு. காலுல பூட்ஸு. நனைஞ்சிருந்தாரு, ஆனா தரையில ஈரமில்லை. 'எனக்கு ஒண்ணு கெடைச்சிடுச்சு, இதை நீங்க கட்டிக்குங்க'ன்னாரு."

"முகம்?"

"முகம் தெரியலை தாயி."

வீட்டுக்கு வந்து குங்குமத்தைத் தொடவே பயந்தேன். மாமியார் வைத்துவிட்டார். "புருசன் இருக்கறவ வெறும் நெத்தியோட நிக்காதே" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் உள்ளே செத்தேன். இருபது நாள் அப்படியே போயிற்று.

அப்புறம் கடுதாசி வந்தது. அவர் கையெழுத்தே. எழுத்துக் கூட்டி மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். தான் நல்லபடியாக இருப்பதாக எழுதியிருந்தார். பார்சல் வந்தது, முறுக்கை எல்லாரும் பங்கு போட்டோம், வேட்டியை மட்டும் நான் கட்டவில்லை, அம்மா மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கூட இருந்த பையன் ஒருவன், நம்ம காட்டூர்ப் பக்கம், கல்யாணமாகாதவன், குண்டடி பட்டுப் போய்விட்டானாம். மேலே போர்த்த வெள்ளைத்துணி இல்லை. அந்த வேட்டியைத்தான் போர்த்தினார்களாம்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல காரியத்துக்குத்தான் போச்சு" என்றார். நான் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். என் புருஷன் பிழைத்ததற்குச் சந்தோஷப்படவா? மஞ்சள் இல்லாத வேட்டி தனக்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டதே, அதை அனுப்பினவள் நானல்லவா?

அடுத்த தீபாவளிக்கும் மண்டபத்துக்காரருக்கு வேட்டி கொண்டுபோனேன். நாலு முனையையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். வீட்டுக்காரர் லீவில் வந்தபோது, "அந்தப் பையன் என்னைக்குங்க போனான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "அதை எதுக்கு இப்பக் கேக்கிறே?" என்று எழுந்து வெளியே போய்விட்டார். கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கடுதாசியில் தேதி போட்ட இடம் ஈரம் பட்டு அழிந்துவிட்டது.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். காட்டூர்ப் பக்கம் அந்தச் சண்டையில் பிள்ளையைக் கொடுத்த வீடு எது என்று விசாரித்து, அவன் போனது என்றைக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஐப்பசி கடைசி நாளுக்குப் பிந்தி என்றால், மண்டபத்துக்காரர் குளிருக்குக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார் என்று விட்டுவிடுவேன். அதற்கு முந்தி என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பிள்ளைக்கு வருஷா வருஷம் துணி வைத்துப் படைக்கிறவர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்டு எழுதுங்கள்.