லிந்துலையில் பிராந்தி தேடிய கதை

தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கும்போது காலை ஏழு மணி. வட்டவளை தாண்டியதிலிருந்தே குளிரில் பல் கிட்டிப் போயிருந்தது. இலங்கை மலைநாட்டின் அழகை எழுது என்று திருச்சியில் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். அழகுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் எழுத உட்கார்ந்தால் வயிறுதான் எரிகிறது.

லிந்துலைக்கு பஸ்ஸில் பதினைந்து சதம், மூன்று மைல். தேயிலைத் தோட்டத்தில் தங்கை லெட்சுமி குடியிருக்கும் லயத்து வீட்டுக்குப் போனால் கதவு பூட்டிக் கிடந்தது. "முத்தையாவுக்குக் கண்ணு தெரியலீங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. முத்தையா லெட்சுமியின் புருஷன். அவரைப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கண்டதும் லெட்சுமி ஓவென்று அழுதாள்.

"நேத்து சாயங்காலம், 'என்ன இப்பிடி பனி மூடுது'ன்னாருண்ணே. வெளியில நல்ல வெயிலு. இந்த ஊருல பனி எப்பவும் உள்ளதுதானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "விளக்குக்கு ஊத்துற ஸ்பிரிட்டைக் குடிச்சிருக்கிறார். அதை முறிக்க நல்ல சாராயம்தான் மருந்து. விஸ்கி, பிராந்தி, எதெண்டாலும் சரி. களவாக் காய்ச்சுற கசிப்பு மட்டும் வேண்டாம். எங்களிட்ட இருந்த பிராந்தி முடிஞ்சு போச்சு. சாராயத் தவறணை திறக்க மத்தியானமாகும். சுணங்காதேங்கோ, சுணங்கினால் கண் போயிடும்."

நான் மதுவிலக்கு ஊர்க்காரன். குடித்துக் கெட்டவனுக்குக் குடியே மருந்தா என்று அவரை முறைத்தேன். அவர் விளையாடவில்லை. பக்கத்தில் சாராயம் இருக்கும் இடம் துரை பங்களா ஒன்றுதான் என்று லெட்சுமி சொன்னாள். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஒரு மைல் ஏறினேன். மூச்சு வாங்கியது.

துரை கிளப்புக்குப் போயிருந்தார். பங்களா சமையல் அப்பு சவரிமுத்து விஷயத்தைக் கேட்டு உச்சுக் கொட்டிவிட்டு, அலமாரியை ஏதோ சாமி சன்னிதி போலத் திறந்தார்.

"எது வேணும்னு சொல்லுங்க. இது விஸ்கி. பார்லியை ஊற வச்சு, புளிக்க வச்சு, வடிச்சு, மரப் பீப்பாயில வருஷக்கணக்கா வைக்கிறது. இது பிராந்தி, திராட்சைப் பழத்துல வர்றது. இது ரம்மு, கரும்புப் பாகு. கப்பல்காரங்க சரக்கு..."

"ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்!" என்று கத்தினேன்.

"அவசரப்பட்டா எப்பிடிங்க? இந்தா, தண்ணி மாதிரி இருக்குதே, ஜின்னு. ஒரு காட்டுக் காயோட வாசனை ஏத்துனது, தொரைசானிக்கு. இதே மாதிரி வெள்ளையா ரஷ்யாக்காரன் வோட்கான்னு ஒண்ணு குடிப்பானாம், தொரை வாங்குறதில்ல. மூலையில இருக்குறது நம்ம தென்னஞ்சாராயம். கள்ளுல இறக்குனது, கங்காணிமாருக்கு ஊத்த."

அங்கே ஒருவனுக்குக் கண் அவிந்துகொண்டிருக்கிறது, இங்கே இவர் பாடம் நடத்துகிறார்! அவர் கழுத்தைப் பிடிக்கலாமா என்று தோன்றியது.

"எதுல எடுத்தாலும் எல்லாத்துக்கும் ஒரே பேருதாங்க, ஸ்பிரிட்டு. முத்தையாவுக்கும் அதான் சொன்னேன்."

"எப்போது?"

"போன வாரம் விருந்துக்கு வெறகு தூக்கிட்டு வந்தான். தொரைமாரு குடிக்கிறது என்னான்னு கேட்டான். ஸ்பிரிட்டுடா, உனக்கெல்லாம் எட்டாதுன்னேன்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலை விளக்கறையில் காஸ் லைட் பற்றவைக்கும் திரவத்துக்கும் அதே பெயர்தான். எட்டாது என்று சொன்ன பொருள் கைக்கு எட்டிய உயரத்தில் இருந்திருக்கிறது. அதில் கலந்திருக்கும் ஊதாச் சாயத்தைக் கண்டு இன்னும் உயர்ந்த சரக்கு என்று நினைத்திருப்பார் மனிதர்.

பிராந்திப் புட்டியைப் பிடுங்கினேன். அப்பு பதறிப்போனார். "ஐயோ, தொரை புட்டியில பென்சில் கோடு போட்டு வச்சிருக்காருங்க!"

"கோடு அப்படியே இருக்கும். பிராந்திதான் இருக்காது" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன்.

டாக்டர் அளந்து தண்ணீரில் கலந்து கொடுக்க, அன்று முழுக்க லெட்சுமியே புகட்டினாள். "குடிக்காத குடிக்காதன்னு இத்தனை வருஷம் சண்டை போட்டேன். இன்னிக்கி என் கையாலயே ஊத்துறேண்ணே" என்றாள்.

மூன்றாம் நாள் டாக்டர் வெளியே அழைத்துச் சொன்னார். "உயிர் தப்பிட்டுது. கண் இனி வராது."

நேரே விளக்கறைக்குப் போனேன். ஸ்பிரிட் புட்டியில் நஞ்சு என்று எழுதித்தான் இருந்தது, இங்கிலீஷில். நூற்றுக்கணக்கான தமிழர் வேலை செய்யும் இடத்தில் சாவை இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள்! முத்தையா தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர். அங்கிருந்த தாரைத் தொட்டு 'விஷம்' என்று பெரிதாக எழுதினேன். ஸ்டோர் கிளார்க் ஓடி வந்து, "யாரைக் கேட்டு எழுதுறீங்க?" என்றார்.

"கண் போனவரைக் கேட்டு" என்றேன்.

எங்கள் ஊரில் சட்டம் எல்லாப் புட்டியையும் ஒன்றாகப் பூட்டி வைத்திருக்கிறது. இங்கே ஒரு புட்டி அலமாரியில், ஒரு புட்டி விளக்கறையில், இரண்டுக்கும் ஒரே பெயர். எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு இரண்டின் மேலும் ஆத்திரம்தான்.

புறப்படும் முன் முத்தையாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"மச்சான், தொரை குடிக்கிற அதே சரக்கத்தானே நானும் குடிச்சேன்? அவருக்கு ஒண்ணும் ஆகலியே?"