அகதா வெட்ட மறுத்த அடிமண்

அகதாவுக்கு அந்தோணியாரிடம் பக்தி உண்டு, சூப்பர்வைசர்களிடம் கிடையாது. மலேசியாவின் குனோங் ராபாட்டிலிருந்து தினமும் பீடோர் பக்கம் வேலைக்குப் போவாள். பாதி மலையைத் தின்றுவிட்டுக் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம் ஒன்றை மறுபடி மலையாக்கும் வேலை. நாற்பத்தேழு வயதில், அங்கே எக்ஸ்கவேட்டர் ஓட்டும் ஒரே பெண்.

ஒரு செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் கனகராஜ் வந்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மலையப் பாக்கப் பெரிய மனுசரு வாராரு. சரிவுக்குக் கீழ மண்ண வெட்டி சமமாக்கிக் குடு. பந்தல் போடணும்."

அகதா மேலே ஏறிப் பார்த்தாள். புதிதாக ஒட்டிய புல்விரிப்புக்கு அடியில் நீளமாக ஒரு விரிசல். பூட்ஸ் முனை உள்ளே போனது. மழைத் தண்ணீரை ஒதுக்கிவிட ஒரு வாய்க்கால்கூட இல்லை. கீழே சேறு கசிந்துகொண்டிருந்தது.

"தம்பி, அந்த அடிமண்ணு முட்டுக் குடுக்கிறதாலதான் இது நிக்குது. அத வெட்டினா மொத்தமும் நம்ம தலையில. வெறும் புல்ல ஒட்டி வெச்சிருக்கீங்களே, இது மலையா, வழுக்கைக்கு வெச்ச விக்கா?"

கனகராஜ் தன் தலையைத் தொட்டுக்கொண்டான். "நீ என்ன இன்ஜினியரா?"

"இல்ல. கீழ நிக்கப் போறவ."

"சாவியக் குடு. வேற ஆள் வெட்டட்டும்."

சாவியைச் சட்டைக்குள், உள்ளாடைக்குள் போட்டுக்கொண்டாள். "எடுத்துக்கோ லா."

கனகராஜ் வானத்தைப் பார்த்தான். வெட்டாமலே அங்கேயே பந்தல் போடச் சொன்னான்.

வியாழன் மதியம் மழை கொட்டியது. ஓரமாக வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த அகதா, மேலே புல்விரிப்பு விறைத்து இழுபடுவதைக் கண்டாள். ஹாரனை அழுத்திப் பிடித்தாள். பந்தல்காரர்கள் நால்வரும் ஓடினார்கள். கனகராஜைக் காணோம். பந்தலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கழிப்பறை தாழிட்டிருந்தது. இறங்கி ஓடி, கதவை உதைத்தாள்.

"வெளிய வாடா! மல வருது!"

"எனக்குந்தான் வருது!" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

மண் உறுமியதும் ஒரு கையில் கால்சட்டையோடு பாய்ந்து வந்தான். இருவரும் எதிர் மேட்டில் ஏறிய பிறகு சரிவு இறங்கியது. பந்தல், சிவப்புக் கம்பளம், கழிப்பறை எல்லாம் போயின.

அகதா சேற்றிலேயே உட்கார்ந்து ஜெபித்தாள். நடுவில் கம்பெனியை அம்மா வரை திட்டினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள். பக்கத்தில் கனகராஜ் அழுதான்.

அடுத்த வாரம் அகதாவுக்குக் கீழ்ப்படியாமைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாம் முறை யாரும் கேட்கவுமில்லை. புதிதாக வந்த இன்ஜினியர் புனிதா, "இவங்க இல்லாம நான் தொடங்க மாட்டேன்" என்றுவிட்டாள். நான்கு மாதம் உழைத்தார்கள். உச்சிப் பாரத்தை இறக்கி, சரிவைப் படிக்கட்டாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் வாய்க்கால் விட்டு, கீழே பாறை அடுக்கினார்கள். புல் கடைசியாகத்தான் வந்தது.

நவம்பர் மழையில் ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை.

பெரிய மனிதர் ஒருவழியாக வந்தார். கனகராஜ் ஓடிவந்து, "அக்கா, வந்து கை குடு!" என்றான்.

அகதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "தே ஆறிடும். நீயே குடு லா."