மாமனார் ஒட்டிய தீப்பெட்டிகள்

ஆமத்தூர் பள்ளியில் மதியச் சாப்பாடு போடத் தொடங்கிய வருடம்தான், என் மாமனார் என் மகளின் படிப்பை நிறுத்தித் தீப்பெட்டிக் கூடு ஒட்ட உட்கார வைத்தார். அடுத்த வருடம் பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விழுந்தது. அந்தக் கைக்கு ஏதாவது வேலை கொடுக்கும்படி சிவகாசி டாக்டர் சொன்னார். நான் பசைக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“சும்மாதான இருக்கீக மாமா, ஒட்டுங்க.”

அவரை அழவைப்பதே என் எண்ணம். கோணிய கூடுகளைப் பிரித்துப் போட்டு, மறுபடி ஒட்டச் சொன்னேன். எட்டு மாதத்தில் அந்தக் கை சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனது. ஊரே என்னைப் புகழ்ந்தது.

அவர் குழறிச் சிரித்தார். “பழி தீர்க்கத்தான ஒட்ட வச்ச தாயி? கை வந்துருச்சே, இனி என்ன செய்வ?”

மறுநாள் மகளின் பங்குக் கூடுகளையும் அவர் முன்னால் குவித்துவிட்டு, அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.  அவரை அப்படி உட்கார வைத்ததற்கு இன்றுவரை வருத்தம் வரவில்லை.